மூட்டு வலிக்கு ஓய்வு... தொடைச் சதைக்கு ஆபத்து!

‘அம்மாவுக்கு முட்டி வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துத் தேய்மானம் என்றார்கள். இனி எந்த வேலையும் செய்ய வேண்டாம், ஓய்வாக இரு என்று சொல்லிவிட்டோம்.’

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் 60 வயதைத் தாண்டிய பெண்மணி இருக்கும் எந்த வீட்டுத் திண்ணையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பெற்ற தாயின் மேல் உள்ள அக்கறையில் சொல்வதுதான். ஆனால், அந்த ‘ஓய்வு’ ஆறு மாதம் நீடித்தால் என்ன ஆகிறது என்பதைப் பல வீடுகள் கவனிப்பதில்லை. முதலில் கீழே உட்கார முடியவில்லை. பிறகு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. பிறகு பேருந்துப் படி ஏற முடியவில்லை. ஒருநாள் விடியற்காலையில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து, தொடை எலும்பு முறிந்துவிடுகிறது. ‘வயசாச்சு, எலும்பு வலுவில்லை’ என்று பேசிக்கொள்கிறோம். எலும்புக்கு முன்பே தொடைச் சதை சூம்பிப்போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வயதாகும்போது சதையும் அதன் பலமும் குறைந்துகொண்டே போவதற்கு மருத்துவத்தில் ‘சார்கோபீனியா’ என்று பெயர். 1989-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் வைத்த பெயர் இது. கிரேக்க மொழியில் ‘சதை வறுமை’ என்று பொருள். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவிகிதம் வரை உடலின் சதை குறைகிறது. 60-க்குப் பிறகு வேகம் கூடுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு விழுந்துவிடுவதால் எலும்பும் சதையும் ஒரே காலத்தில் இளைக்கின்றன. இதோடு மூட்டு நோயும் சேர்ந்துகொண்டால், ஒன்று மற்றொன்றைக் கீழே இழுத்துக்கொண்டே போகும்.

வயலில் உழைத்த உடம்புக்குமா?

‘நாள் முழுக்க நாற்று நட்டு, களை எடுத்து, தண்ணீர் சுமந்த உடம்பு. அதற்கு எப்படிச் சதை குறையும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டிய ஊர்களில் இன்று 60 வயதில் இருக்கும் பெண்களின் கதையைப் பாருங்கள். சிறு வயதில் நெல், கேழ்வரகு, நிலக்கடலை வயல்களில் வேலை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் இந்தப் பகுதியின் கிணறுகளும் நிலங்களும் கெட்டுப்போனது நாடறிந்த விஷயம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் அது பதிவாகியிருக்கிறது. விவசாயம் படுத்த ஊர்களிலிருந்து பெண்கள் ஷூ கம்பெனி வேன் ஏறினார்கள். அங்கே எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் ஒரே இடத்தில் வேலை. கம்பெனிக்குப் போக முடியாதவர்கள் ஷூவின் மேல்பாகத்தை வீட்டுக்கு வாங்கிவந்து, தரையில் காலை மடக்கி உட்கார்ந்து கையால் தைத்தார்கள்.

களை எடுப்பதோ, தைப்பதோ, நெடுநேரம் நீடிக்கும் வேலைகள். களைப்பைத் தாங்கும் சக்தியை அவை கொடுக்கும். ஆனால், தொடையிலும் இடுப்பிலும் உள்ள பெரிய தசைகள் வளர வேண்டுமென்றால், அவை கொஞ்சம் திணறும் அளவுக்குப் பாரம் கிடைக்க வேண்டும். அந்தப் பாரம் படிப்படியாகக் கூட வேண்டும். சாப்பாட்டில் புரதமும் இருக்க வேண்டும். குனிந்தே செய்யும் வேலையில் முட்டியும் முதுகும் தேய்ந்ததே தவிர, இந்த மூன்றில் ஒன்றும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. பிறகு ஒருநாள் வேலை நிற்கிறது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த உடம்பு திடீரென்று உட்கார்ந்துவிடுகிறது. சேமித்து வைத்த பலம் குறைவாக இருக்கும் உடம்பில் சரிவு வேகமாகத் தெரிகிறது.

எவ்வளவு வேகம் என்பதற்கு 2007-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. ஆரோக்கியமாக நடமாடிக்கொண்டிருந்த முதியவர்களைப் பத்து நாள்கள் மட்டும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போய்விட்டது. காய்ச்சலுக்கோ, சிக்குன்குனியாவுக்கோ இரண்டு வாரம் படுத்து எழுந்த பாட்டி ‘முன்ன மாதிரி நடக்க முடியல’ என்று சொன்னால், அது சோம்பல் இல்லை என்பதை வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

முட்டியும் தொடையும்

முட்டியைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. நடக்கும்போதும் படி இறங்கும்போதும் விழும் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். அது பலமாக இருந்தால் மூட்டுக்குள் பாரம் குறைகிறது. முட்டியில் வீக்கமும் வலியும் வந்தால், நரம்புகள் அந்தத் தசையை முழுதாக இயங்கவிடாமல் தடுக்கின்றன. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு இது. ஆனால், இயங்காத தசை சூம்புகிறது. சூம்பிய தசையால் மூட்டைத் தாங்க முடியாமல் வலி கூடுகிறது. வலி கூடியதும் இன்னும் ஓய்வு. இந்தச் சுழலில்தான் பெரும்பாலான வீடுகள் மாட்டிக்கொள்கின்றன.

எலும்புக்கும் இதே கதைதான். தசை இழுக்கும் இழுப்பில்தான் எலும்பு உறுதியாகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த, மாதவிலக்கு நின்ற பெண்களைப் பரிசோதித்து 2008-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு எலும்புப்புரை நோய் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. பக்கத்துத் திருப்பதியில் நடத்தி 2007-ல் வெளியான ஆய்வும், உணவில் கால்சியம் குறைவு, அதிலும் நகரத்தைவிடக் கிராமத்தில் இன்னும் குறைவு என்று சொன்னது. கேழ்வரகு விளைந்த மண்ணில் இந்த நிலை! 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. களியும் கூழும் போய், மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு வந்த பிறகு அந்தக் கணக்கு இடித்துவிட்டது.

வைட்டமின் டி குறைவு எலும்போடு நிற்பதில்லை. அது மிகவும் குறைந்தால் தொடை, இடுப்புத் தசைகள் வலுவிழந்து, நடை வாத்து நடைபோல ஆகிவிடும். இருட்டில் வேன் ஏறி, இருட்டும் நேரத்தில் வீடு திரும்பிய பெண்களிடமும், வெளியே அதிகம் வராத பெண்களிடமும் இதை எதிர்பார்க்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே மாதிரி பலவீனம் வரும். இரண்டும் மாத்திரையில் சரியாகக்கூடியவை. அதனால், ‘வயசாச்சு’ என்று ஒதுக்குவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இன்ச் டேப் போதும்

சதை குறைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி தேவையில்லை. ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019-ம் ஆண்டு வகுத்த அளவுகளை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கெண்டைக்காலின் தடித்த இடத்தில் தையல்காரரின் இன்ச் டேப்பால் சுற்றி அளக்க வேண்டும். பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கு, அதாவது 13 இன்ச்சுக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். கால் வீக்கம் இருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும்.

இன்னொன்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது. செல்போனில் நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலம் குறைந்திருக்கிறது. பாட்டி தடுமாறுவார் என்று தோன்றினால் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப்போட்டு, பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

எடை குறையவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சதை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்து, தராசு முள் அப்படியே நிற்கலாம். வயிறு பெருத்து, கை கால் மெலிந்திருக்கும் சர்க்கரை நோயாளிகளிடம் இது அதிகம்.

‘ஒரே ஊசியில் வலி போச்சு!’

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிராமங்களில் மூட்டு வலிக்குப் போடப்படும் ‘ஒரே ஊசி’, மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் வலி மாத்திரை ‘செட்’, பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் ‘மூலிகைச் சூரணம்’ ஆகியவற்றில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கிறது. ஸ்டீராய்டு மோசமான மருந்து கிடையாது. முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும்போது உயிரையே காப்பாற்றும். ஆனால், என்ன மருந்து என்று தெரியாமல் மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டால், அது முதலில் கரைப்பது தொடை, தோள்பட்டைத் தசைகளை. கூடவே எலும்பும் கரையும்.

அடையாளங்கள் உண்டு. வலி மாயமாகப் போகும். பசி நன்றாக எடுக்கும். முகம் உப்பிப் பளபளப்பாகும். ‘பாட்டிக்கு உடம்பு தேறிடுச்சு’ என்று வீடே மகிழும். சில மாதங்களில் தோல் மெலிந்து, லேசாக இடித்தாலே ரத்தம் கட்டும். சர்க்கரை ஏறும். உட்கார்ந்தால் எழ முடியாது. இப்படிப்பட்ட மருந்தை எடுத்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடவும் கூடாது. நெடுநாள் ஸ்டீராய்டை திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாத்திரை அட்டையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டி, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தட்டில் என்ன விழுகிறது?

பிரியாணிக்குப் பேர்போன ஊர் ஆம்பூர். ஆனால், கறி எடுக்கும் நாளில்கூட, வயதான பெண்ணின் தட்டில் விழுவது சோறும் குழம்பும்தான். கறித்துண்டு பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் போய்விடும். ‘எனக்குப் பல் இல்லை, வேண்டாம்’ என்று அவரே சொல்லிவிடுவார். வீட்டில் கறக்கும் பால் சொசைட்டிக்குப் போகிறது. சாயங்காலம் டீயும் பொறையும். ராத்திரி ரசம் சோறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தினமும் புரதம் தேவை என்கிறார்கள் முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். நாள் முழுக்க 250 கிராம் அரிசிச் சாதம் சாப்பிட்டால் 20 கிராம் வரும். தண்ணியாக வைத்த பருப்பில் 4 அல்லது 5 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். மொத்தம் 30 கிராமைச் சுற்றித்தான் நிற்கிறது. இதோடு ஒரு முட்டை (6 கிராம்), ஒரு கைப்பிடி வேர்க்கடலை (7 கிராம்), ஒரு கிண்ணம் கொள்ளு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல் (8 கிராம்) சேர்த்தால் 50-ஐத் தாண்டிவிடும். பல் இல்லாதவர்களுக்குக் கடலையை வேகவைத்தோ, கொள்ளைத் துவையலாகவோ, முட்டையைக் குழம்பில் உடைத்து ஊற்றியோ கொடுக்கலாம். எல்லாவற்றையும் மதியமே கொடுத்துவிடாமல் மூன்று வேளைக்கும் பிரித்தால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். கொல்லையில் முருங்கை இருந்தால் கீரைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாடு மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரின் குழு, சராசரியாக 87 வதுள்ள 100 பேரை வைத்து நடத்திய ஆய்வு 1994-ம் ஆண்டு வெளியானது. பத்து வாரம் பாரப் பயிற்சி செய்தவர்களின் கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் இல்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே குழு 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் பயிற்சி கொடுத்துக் கிடைத்த முடிவைப் பார்த்து மருத்துவ உலகமே அசந்தது. ஆக, ‘இந்த வயதுக்கு மேல் என்ன எக்சர்சைஸ்?’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

திண்ணையில் தொடங்கலாம்

பயிற்சியை உடம்பு மருந்தாக எடுத்துக்கொள்ளும் என்பது வேலூருக்குப் புதிய செய்தி இல்லை. 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தவர். 1966-ல் சி.எம்.சி.யில் உருவான மறுவாழ்வு மையம் அவருடைய முயற்சி.

வீட்டில் செய்வதற்கு நான்கு போதும். முதலாவது, எழுந்து உட்காருவது. உயரமான திண்ணையோ, தலையணை போட்ட நாற்காலியோ வைத்துத் தொடங்க வேண்டும். உயரம் கூடினால் முட்டிக்குச் சிரமம் குறையும். பழகப் பழக உயரத்தைக் குறைக்கலாம். இரண்டாவது, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குவது. சில வாரம் கழித்து, பழைய துணியில் அரை கிலோ மணலைப் பையாகத் தைத்துக் கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம். மூன்றாவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. நான்காவது, சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். 12-வது முறை சுலபமாக இருந்தால் பாரத்தைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது. மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும்.

வலிக்குமா? கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் அடங்கிவிடும் வலிக்குப் பயப்பட வேண்டாம். முட்டி வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதுகு கூன் விழுந்தவர்கள், உயரம் குறைந்தவர்களுக்கு முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியிருக்கலாம். அவர்கள் முன்னால் குனிந்து எதையும் தூக்கக் கூடாது. இதய நோயோ, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் சேர்த்தி. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் ‘பிசியோதெரபிஸ்ட் வர வேண்டும்’ என்று கேளுங்கள். கேட்காததால்தான் பலருக்குக் கிடைக்காமல் போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியலாம். 104 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல் சாப்பிட்டால் சதை பிடிக்குமா?

தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால், சூப்பில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின். தசை வளரத் தேவையான அமினோ அமிலங்கள் அதில் போதுமான அளவு இல்லை. ஒரு கிண்ணம் சூப்பைவிட ஒரு முட்டை மேல். செலவும் குறைவு.

எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால்?

வலிக்கு இதம். தசைக்கு அதனால் பலம் வராது. நீவிவிட்டு வலி குறைந்திருக்கும் நேரத்தில் பயிற்சி செய்யவைத்தால் இரட்டை லாபம்.

முட்டி மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். இனிப் பயிற்சி எதற்கு?

அதற்கு முன்பே தொடையைப் பலப்படுத்திக்கொண்டு போகிறவர்கள் சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள். மூட்டைத்தான் மாற்ற முடியும், அதைத் தாங்கும் தசை உங்களுடையதுதான்.

மாமியாருக்கு முட்டி வலி. அவரை வேலை செய்யவிட்டால், ‘மருமகள் வேலை வாங்குகிறாள்’ என்று ஊர் பேசுகிறதே?

தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை, குனிந்து குடம் தூக்குவது ஆகியவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மேடையருகே நின்று காய் நறுக்குவது, கோழிக்குத் தீனி போடுவது, துணி உலர்த்துவது, கடைக்கு நடந்து போய்வருவது ஆகியவை அவருக்கே இருக்கட்டும். கழிப்பறையில் உட்கார வசதியாக ஸ்டூலும், பிடித்து எழச் சுவரில் கம்பியும், போகும் வழியில் இரவு விளக்கும் வைத்துவிடுங்கள். ஊர்க்காரர்கள் கேட்டால், டாக்டர் சொன்ன பயிற்சி என்று மாமியாரையே பதில் சொல்லச் சொல்லுங்கள்.